நாடகம் தெருவுக்கு வந்தது. தேர் ஏன் வரவில்லை?

இடைக்கால ஐரோப்பிய நாடக வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் ஒரு கல்லறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பத்தாம் நூற்றாண்டு, உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலை. 970 வாக்கில் வின்செஸ்டர் ஆயர் ஏத்தல்வோல்டு தொகுத்த துறவற ஒழுங்கு நூல் முறை சொல்கிறது: ஒரு துறவி கையில் ஓலையோடு கல்லறைப் பக்கம் உட்கார வேண்டும். மூன்று பேர் தூபக்கலசத்தோடு, எதையோ தேடுகிற மாதிரி வர வேண்டும். அந்த மூன்று பேரும் யேசுவின் உடலைத் தேடி வந்த பெண்கள். அதில் ஒருத்தி மகதலா மரியாள். கோயிலுக்குள்ளே, லத்தீனில், துறவிகளே பெண்களாக நடித்த வழிபாடு அது. உழைக்கிற சனத்துக்கு அதில் வேஷமும் இல்லை, வசனமும் இல்லை.

நானூறு வருஷத்தில் அது தெருவுக்கு வந்துவிட்டது. யார்க் நகரில் 1376-லேயே நாடக வண்டிகளுக்குப் பதிவு இருக்கிறது. உலகப் படைப்பு முதல் கடைசித் தீர்ப்பு வரை ஏறத்தாழ ஐம்பது நாடகங்கள், சனங்கள் பேசுகிற இங்கிலீஷில். தொழில் சங்கங்கள் பங்குபோட்டு நடத்தின. நோவாவின் பேழை கப்பல் தச்சருக்கு. கடைசி இராவுணவு ரொட்டி சுடுகிறவருக்கு. சிலுவையில் அறைகிற காட்சி ஆணி செய்கிறவருக்கு. அங்கே தொழில் ஒருவனுக்கு வேஷம் தந்தது. இங்கே பறையடித்தவனை அவன் தொழிலைக் காட்டியே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.

அதற்காக யார்க்கைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. சங்கம் தொழில் முதலாளிகள் கையில் இருந்தது. வண்டி யார் வாசலில் நிற்பது? அதிகப் பணம் கொடுக்கிறவன் வாசலில் என்று 1417-இல் நகரசபை முடிவு செய்தது. காசுக்குத்தான் சாமி நின்றது.

நம்ம பக்கம் வருவோம். 1899-இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்தில்தான் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பங்குகள் இருக்கின்றன. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயர் வைத்துக் கலம்பகம் பாடிய ஏலாக்குறிச்சியும் இதில்தான். இங்கே தமிழ் எப்பவோ கோயிலுக்குள் வந்துவிட்டது. தவக்காலத்தில் பாஸ்கா நாடகமும் தமிழில்தான். மொழிக்குத் திறந்த கதவு சேரிக்குத் திறந்ததா?

அதே மறைமாவட்டத்தில் திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம். பங்கின் பாதுகாவலி அந்த மகதலா மரியாளேதான். அவள் திருவிழாவுக்குத் தங்களிடம் வரி வாங்குவதில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையிலும் பாகுபாடு என்று முறையிட்டுத் தலித் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. 2025-இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

கவனியுங்கள் தோழர்களே. யார்க்கில் காசு கொடுத்தால் வண்டி நின்றது. இங்கே காசையே வாங்க மாட்டேன் என்கிறார்கள். வரி கொடுத்தவன் உரிமை கேட்பான் இல்லையா! அது பணத்தின் அதிகாரம். இது சாதியின் அதிகாரம். பணம் பேரம் பேசும். சாதி பேரத்துக்கே வராது.

'அதெல்லாம் பக்தி விஷயம், அரசியலாக்காதீங்க' என்பார்கள். தேர்ப்பாதை வானத்திலிருந்தா விழுந்தது? மனுஷன் உட்கார்ந்து போட்ட கோடுதானே? ஊர்த்தெருவில் திரும்பு, சேரிக்கு முன்னாலேயே நில் என்று கோடு போட்டது எந்தக் கை?

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். திருவிழாவோ பாஸ்காவோ, கோயிலோ சர்ச்சோ, மூன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: வரி நோட்டு, வேஷக்காரர் பட்டியல், தேர்ப்பாதை. யேசு வேஷம் இதுவரை எந்தத் தெருப் பையனுக்குப் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதி ஊர் நடுவில் ஒட்டுங்கள்.

உயிர்த்தவரை முதலில் பார்த்தவள் மகதலா மரியாள் என்கிறது யோவான் நற்செய்தி. அந்தச் சேதியை எல்லாருக்கும் சொல்லப் புறப்பட்டவளின் தேர் இன்னும் பாதித் தெருவில் நிற்கிறது.