காவல் கூலி வாங்கினால் களவுக்கும் பொறுப்பு

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலம் வந்துவிட்டால் உப்பு அம்பாரங்களை மூடிப் போட்டுக் காவலுக்கு ஆள் வைக்கிறோம். கடைத்தெருவிலும் இரவுக் காவலுக்கென மாதந்தோறும் பணம் கொடுக்கிறோம். பூட்டு உடைந்த மறுநாள் காலையில் யாரைக் கேட்பது என்பதுதான் தெரிவதில்லை.

பாளையக்காரர் காலத்தில் இக்கேள்விக்கு விடை இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையங்களை வகுத்தனர் என்பது மரபு. பாளையக்காரர் படை வைத்திருக்க வேண்டும். வரியில் நாயக்கருக்குரிய பங்கைக் கட்ட வேண்டும். ஊரையும் வழிப்பாதையையும் காக்க வேண்டும். காப்பதற்குக் கூலி உண்டு. ஓர் ஊரளவில் தலக்காவல், பல ஊர்களுக்குச் சேர்த்துத் திசைக்காவல். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கூலியோடு பொறுப்பும் சேர்ந்தே இருந்தது.

1736-இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. மேலே கணக்குக் கேட்பவர் இல்லை. தமக்கு உரிமையில்லாத ஊர்களிலும் சிலர் காவல் கூலி வசூலித்தனர் என்றும், தர மறுத்த ஊர்களில் கொள்ளை நடந்தது என்றும் கும்பினி அதிகாரிகள் எழுதி வைத்தனர். அந்த வசூலின்மேல் அவர்களுக்கும் கண் இருந்ததை நாம் மறக்கலாகாது. கட்டபொம்மனின் வீரத்தை இதனால் குறைத்துச் சொல்லவும் இல்லை. அவர் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில். அவ்வாண்டு டிசம்பரில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. அடங்கியவர்கள் ஜமீன்தார்களாயினர்.

ஜப்பானிலும் இதே கதைதான், சற்று நீளமாக. 1192-இல் யோரிடோமோ ஷோகன் பட்டம் பெற்றது முதல் சாமுராய்களின் கை ஓங்கிற்று. 1603-க்குப் பிறகு டோக்குகாவா ஆட்சியில் நீண்ட அமைதி. சண்டையில்லாத வாள்வீரருக்குப் படியாக அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை வணிகர் மூலம் விற்று, பற்றாததற்கு அவர்களிடமே கடன் வாங்கினர். 1789-இல் அரசு ஓர் உத்தரவில் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தது. நட்டம் யாருக்கு என்று நம் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை! 1868-இல் ஷோகன் ஆட்சி போயிற்று; 1876-இல் வாளும் படியும் போயின.

நம் கடைத்தெருவுக்கு வருவோம். ரசீதில்லாமல் கடைக்குக் கடை கை நீட்டும் வசூலை நிறுத்திவிட்டு, காவல் பணத்தைச் சங்கமே வாங்க வேண்டும் என்பது நம் கருத்து. சொற்பச் சம்பளக் காவலாளியிடம் ஒரு மூட்டைத் துவரம்பருப்பின் விலையைக் கேட்பது நியாயமல்ல. வசூலில் ஒரு பங்கை இழப்பு நிதியாக ஒதுக்கி, களவு போன கடைக்கு அதிலிருந்து கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.