திரைக்குப் பின்னாலும் காண்ட்ராக்ட்தான்!

மந்தாரக்குப்பத்தில் ஒரு தோழரின் வீடு. அவர் பதினெட்டு வருஷமாக அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பிரிவில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பொங்கலுக்கு அவருடைய மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் கம்ப்யூட்டரில் சினிமாப் பட வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

நான் போன நேரத்தில் அப்பனும் மகனும் செல்போனில் ஒரு தொடரைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசுகிறது. மலையைக் குடைந்து கட்டிய நகரம், கடலுக்கு நடுவே ஒரு ராஜ்யம், நீண்ட காதுள்ள தேவகணங்கள், கூட்டங் கூட்டமாகப் பூதப்படை. தோழர் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இந்த மாதிரிப் படத்துல உன் வேலை எங்கடா தெரியும்?"

"தெரியக் கூடாதுப்பா. தெரிஞ்சா நான் தப்பா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்."

"சம்பளம் மாசச் சம்பளம்தானே?"

"காண்ட்ராக்ட்பா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எழுதிக் குடுப்பாங்க."

தோழர் சிரித்தார். "நான் சாம்பல்ல காண்ட்ராக்ட், நீ ஏ.சி. ரூமுல காண்ட்ராக்டா?" என்றார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அந்தச் சிரிப்புத்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

களை எடுப்பது போன்ற வேலை

பத்தாவது வரை படித்தவன் நான். தம்பியின் வேலை எனக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லச் சொன்னேன். படம் என்பது ஒரு நொடிக்கு 24 தனித்தனிப் படங்கள். ஒரு நிமிடத்துக்கு 1,440. நடிகர் குதிரையில் வருகிறார். அவருக்குப் பின்னால் தெரிகிற கொட்டகையை எடுத்துவிட்டு, அங்கே கோட்டையை வைக்க வேண்டும். அதற்கு முதலில் நடிகரையும் குதிரையையும் ஓரம் ஓரமாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒரு படத்தில் அல்ல, ஒவ்வொரு படத்திலும். நடிகரைத் தூக்கிப் பிடித்த கம்பிக் கயிறு தெரிந்தால் அதையும் படம் படமாக அழிக்க வேண்டும்.

வயலில் குனிந்து களை எடுக்கும் நம் பெண்களுக்கு இந்த வேலை சட்டென்று விளங்கும். பயிர் நிற்க வேண்டும், களை போக வேண்டும். அறுவடையன்று களை எடுத்தவளை யார் நினைக்கிறார்கள்?

கம்ப்யூட்டரோடு முடியவில்லை. அரங்கம் போடும் தச்சர், சாந்து பூசுகிறவர், கவசம் வார்ப்பவர், காது ஒட்டுகிறவர், பொய்முடி பின்னுகிறவர், விளக்குத் தூக்குகிறவர், உயரத்திலிருந்து விழுந்து காட்டும் சண்டைக் கலைஞர், சோறாக்கிப் போடுகிறவர் என்று ஒரு மில்லுக்குரிய ஜனம் திரைக்குப் பின்னால் நிற்கிறது. மாயம் என்று நாம் சொல்வதெல்லாம் இவர்களுடைய உழைப்புத்தான்.

பேப்பரில் உள்ள பெயரா, செய்கிற வேலையா?

இப்படிப்பட்ட தொழிலாளியை முதலாளி எப்படி நடத்துகிறான் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், நம் தோழர் பார்த்த அந்தத் தொடரின் பூர்வ கதையிலேயே இருக்கிறது. தொடரின் பெயர் 'ரிங்ஸ் ஆஃப் பவர்'. எடுத்தது அமேசான் கம்பெனி. முதல் பகுதி நியூசிலாந்து நாட்டில் எடுக்கப்பட்டு 2022 செப்டம்பரில் வெளிவந்தது. அந்த எட்டு அத்தியாயங்களுக்கு மட்டும் செலவு 46 கோடி 50 லட்சம் டாலர் என்று 2021இல் அந்நாட்டு மந்திரி சொன்னார். நம் பணத்தில் அன்றைய மதிப்புக்குச் சுமார் 3,400 கோடி ரூபாய்!

இதற்கு முன்னோடியாக, 2001 முதல் 2003 வரை மூன்று திரைப்படங்கள் அதே நாட்டில் எடுக்கப்பட்டு வெளிவந்தன. அவற்றில் மாதிரி உருவங்கள் செய்யும் பிரிவில் ஒரு தொழிலாளி வேலை பார்த்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். கம்பெனியின் கருவியை வைத்துக் கம்பெனி சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட பேப்பரில் 'சுயேச்சைக் காண்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நியாயம் கேட்டபோது, "நீ எங்கள் தொழிலாளியே அல்லவே, நீ ஒரு காண்ட்ராக்டர்!" என்றார்கள்.

அவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 2005இல் அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று: பேப்பரில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது மட்டும் கணக்கல்ல, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும், பார்த்தால் இவர் தொழிலாளியே.

நெய்வேலித் தோழர்களே, இந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். வருஷக் கணக்கில் நாம் எழுப்பும் கேள்வியும் இதுதானே! நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று, அதே கொதிகலனில், அதே பெல்ட்டில், அதே ஷிப்டில் வேலை செய்கிறவன் எப்படி வேறு ஜாதி ஆவான்?

தீர்ப்பு வந்தது, சட்டம் மாறியது

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை.

2010இல் அதே வரிசையில் 'ஹாபிட்' என்ற படத்தை எடுக்க ஏற்பாடு நடந்தது. முதலீடு வார்னர் பிரதர்ஸ் கம்பெனியுடையது. அந்நாட்டு நடிகர் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது: குறைந்தபட்ச நிபந்தனைகளைக் கூட்டாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். அதற்கு மற்ற நாட்டு நடிகர் சங்கங்களும் துணை நின்றன; பேச்சு நடக்கும்வரை இந்தப் படத்தில் ஒப்பந்தமாக வேண்டாம் என்று அங்கத்தினர்களுக்குச் சொல்லின.

கம்பெனி என்ன சொன்னது? படத்தையே வேறு நாட்டுக்குக் கொண்டு போய்விடுவோம் என்றது. நம் ஊர் மில் முதலாளி, "சங்கம் வைத்தால் மில்லை மூடிவிடுவேன்" என்பானே, அதே பாட்டு. ராகம் மட்டும் ஆங்கிலம்.

அடுத்து நடந்ததுதான் மனதை உறுத்துவது. வேலை போய்விடுமோ என்று பயந்த படத்தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். கம்பெனிக்கு எதிராக அல்ல, நடிகர் சங்கத்துக்கு எதிராக! தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளியே கோஷம் போட்டான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம் யாரையும் அப்படிச் செய்ய வைக்கும். ஆனால் அந்தப் பயத்தின் மகசூலை அறுத்துக் கொண்டு போனவன் யார்?

சங்கங்கள் தங்கள் அறிவிப்பைத் திரும்பப் பெற்ற பிறகும், கம்பெனியின் அதிகாரிகள் விமானம் ஏறி வந்தார்கள்; பிரதம மந்திரி ஜான் கீயுடன் உட்கார்ந்து பேசினார்கள். 2010 அக்டோபர் 29 அன்று பார்லிமெண்டில் அவசர அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறிற்று. படத்தொழிலில் உள்ளவர்கள், வேலைக்காரர் என்று பேப்பரில் எழுதியிருந்தாலொழிய, காண்ட்ராக்டரே என்றது சட்டம். கம்பெனிக்குக் கூடுதல் வரிச் சலுகையும் கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு தொழிலாளி தன்னந்தனியாகக் கோர்ட்டில் ஜெயித்து வாங்கிய நியாயத்தை, சில நாள் பேச்சில் படத்தொழிலாளர் அனைவரும் இழந்தார்கள்.

அமேசான் வந்தபோது இந்தச் சட்டம் தயாராக விரித்த பாயாக இருந்தது. அதற்கு மேல், செலவில் 20 சதவிகிதத்தை சர்க்கார் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. இன்னும் 5 சதவிகிதம் கூடுதலாகத் தருவதாகவும் ஒப்பந்தம். எல்லாவற்றையும் பெற்றுக் கொண்ட கம்பெனி, முதல் பகுதி முடிந்த உடனே 2021 ஆகஸ்டில், அடுத்த பகுதியைப் பிரிட்டனில் எடுப்போம் என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் கூடுதல் 5 சதவிகிதத்தைத்தான் சர்க்கார் நிறுத்த முடிந்தது. 'சங்கம் கேட்டால் கம்பெனி ஓடிவிடும்' என்று பயமுறுத்தினார்களே, சங்கம் வாய் திறக்காதபோதும் கம்பெனி போய்விட்டதே! இதற்கு என்ன பதில்?

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2022இல், வேறொரு சட்டம் வந்தது. படத்தொழிலாளர்கள் கூட்டாகப் பேரம் பேசலாம் என்ற உரிமை திரும்பிற்று. ஆனால் அவர்கள் இன்னும் காண்ட்ராக்டர்கள்தாம். அந்தப் பேரத்துக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள்.

மாயத்தில் விழும் உயிர் மாயமல்ல

கூலியும் உரிமையும் மட்டும் பிரச்னை அல்ல. உயிர்ப் பிரச்னையும் இதில் உண்டு.

1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் திப்பு சுல்தானைப் பற்றிய பெரும் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக் கொண்டிருந்தபோது அரங்கத்தில் தீப்பிடித்தது. 62 பேர் மாண்டார்கள். தளர்ந்த மின்கம்பிகளும் காற்றுப் போக்கில்லாத கட்டடமும் காரணமாகச் சொல்லப்பட்டன. தொடர் முடிந்து ஒளிபரப்பாயிற்று, நாடே பார்த்தது. அந்த 62 பேரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நெய்வேலிக்காரர்களுக்கு 2020ஆம் வருஷம் மறக்காது. அந்தப் பிப்ரவரியில் விஜய் நடித்த 'மாஸ்டர்' படப்பிடிப்பு நம் சுரங்கத்தில் நடந்தது. ஜனம் அலைமோதிற்று, அவர் வண்டி மேல் ஏறிக் கூட்டத்தோடு போட்டோ எடுத்துக் கொண்டார். அதே மாதம் 19ஆம் தேதி இரவு, பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் விளக்குக் கட்டிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அப்புறம் மே 7, ஜூலை 1. நம் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் இரண்டு தடவை கொதிகலன் விபத்து. ஜூலையில் ஆறு பேர் அங்கேயே கருகினார்கள். ஆஸ்பத்திரியில் மேலும் பலர். மாண்டவர்களில் நம் காண்ட்ராக்ட் சகோதரர்கள் இருந்தார்கள்.

கிரேனுக்கும் கொதிகலனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. "இது சரியில்லை, சரி செய்யாமல் வேலை செய்ய மாட்டேன்" என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு எப்போது தைரியம் வரும்? நாளைக்கும் தனக்கு வேலை உண்டு என்று தெரிந்தால்தான் வரும். மூன்று மாதச் சீட்டில் தொங்குகிறவன் வாயைத் திறக்க மாட்டான். ஆகவே பணி நிரந்தரம் என்பது சம்பளக் கோரிக்கை மட்டுமல்ல, உயிர்க் கோரிக்கை.

நமக்கு என்ன பாடம்?

கோர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோர்ட்டில் ஜெயித்ததைக் காப்பாற்ற வெளியே ஐக்கியம் வேண்டும் என்கிறேன். நம் நாட்டிலேயே பாருங்கள். 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை வைத்திருக்கும் காண்ட்ராக்டருக்குப் பொருந்திற்று. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டமோ அதை 50 பேர் என்று உயர்த்திவிட்டது. பேப்பரில் ஒரு எண் மாறினால் ஆயிரம் குடும்பத்தின் கதி மாறுகிறது.

தமிழ்நாட்டுச் சினிமாத் தொழிலாளிக்கும் சங்கம் வானத்திலிருந்து விழவில்லை. 'பாதை தெரியுது பார்' படத்தை 1960இல் தந்த நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் போன்றவர்கள் கேமராவையும் ஆர்மோனியத்தையும் வைத்துவிட்டு வந்து, விளக்குத் தூக்குகிறவனோடும் வாத்தியம் வாசிக்கிறவனோடும் உட்கார்ந்து கட்டியது அது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்றைய வாலிபனுக்கு அந்த வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. சட்டை வெளுப்பாக இருப்பதால் அவன் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது.

மில்லில் பதிலி, வயலில் நடவுக் காண்ட்ராக்ட், சுரங்கத்தில் ஒப்பந்தம், மாயப்படத்தில் மூன்று மாதச் சீட்டு. பெயர் நாலு, நோய் ஒன்று.

அன்று இரவு தொடர் முடிந்து, கடைசியில் பெயர்கள் வரிசை வரிசையாக மேலே ஓடின. தோழர் செல்போனை நிறுத்தச் சொன்னார். "நீங்க வேலை செஞ்சா இதுல உங்க பேரு வருமா?" என்று மகனைக் கேட்டார். "எல்லார் பேரும் வராதுப்பா" என்றான் அவன்.

தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "திரையில பேரு வராட்டிப் போகட்டும்டா. மஸ்டர் ரோல்ல வரணும். அதுக்கு என்ன வழின்னு பாரு."

தம்பி ஊருக்குத் திரும்பும் முன் என்னிடம் வந்து, சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டான். விண்ணப்பம் போட ஏழு பேர் வேண்டும், அதோடு கம்பெனித் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை பேர் அங்கத்தினராக இருக்க வேண்டும் என்றேன். விரல் விட்டு எண்ணினான். மூன்று வரை வந்தான். "பாக்கிப் பேரைப் பார்க்கிறேன், தோழர்" என்று சொல்லிப் பஸ் ஏறினான்.