ஆசிரியர் தருவது கால் பங்கே

மாணவரைக் கடிந்துகொள்ளும் வேளையில் தமிழாசிரியர்களாகிய நமக்கு நன்னூல் உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்னமும் பசுவும் போன்றோர் முதல் மாணாக்கர், மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போன்றோர் கடை மாணாக்கர் என்று பவணந்தி முனிவர் வகுத்ததை எடுத்துரைத்து, கடைசி வரிசையை ஒருமுறை நோக்கிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறோம். அதே பொதுப்பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்க்கும் உவமைகள் உண்டு. இட்ட முறையில் வாராது, பிறழ்ந்து ஒருசேரக் கொட்டும் கழற்காய்க் குடம் அவற்றுள் ஒன்று. மணியடிப்பதற்குள் பாடத்தை முடித்துவிடும் விரைவில் நாமும் பல நாள் அக்குடமாகவே இருந்திருக்கிறோம்.

அப்பாயிரம் தரும் மற்றொரு கணக்கே இக்கட்டுரைக்குப் பொருளாகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணவன் அதனால் அடைவது புலமையில் கால் பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு கால் பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கணக்கு சரியெனில், நாம் மட்டுமே பேசி முடிக்கும் வகுப்பில் முக்கால் பங்குக் கல்வி நிகழவே இல்லை என்பது பொருள்.

இஃது இலக்கண ஆராய்ச்சி மட்டுமன்று. நம் பிள்ளைகளின் வாழ்வைத் தொடும் செய்தி. நம்மிடம் வருவோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதிப்பவர்கள். பாடத்தைப் பற்றிப் பேச வீட்டில் அவர்களுக்குத் துணையில்லை. வகுப்பிலும் வாய் திறவாவிடில் வேறெங்கே திறப்பார்கள்? தேர்வுக்கு முந்திய வாரம் 'கைடு' வாங்கி உருப்போட்டுத் தேறிவிடுகிறார்கள். பாடநூலின் ஒரு செய்யுளையேனும் உரக்கப் படிக்காமலே பட்டமும் பெற்றுவிடுகிறார்கள். நேர்காணலுக்குச் சென்று திரும்பிய முன்னாள் மாணவர் ஒருவர், விடை நெஞ்சில் இருந்தும் வாயில் வரவில்லை என்று நம்மிடம் வருந்தினார். மூன்றாண்டுகள் அவரைப் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாமே அல்லவா?

உடன் கற்பார் வழியே கற்பித்தல் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். இளஞ்சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எழும்பூரில் ஆண் அநாதையர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டு, மூத்த மாணவரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்றே அங்குப் பெயர் பெற்றது. நம் மதரஸாக்களிலும் பாடம் முடிந்தபின் மாணவர் கூடியமர்ந்து ஒருவர்க்கொருவர் மீட்டுரைக்கும் 'தக்ரார்' என்னும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தம் விரிவுரைகள் உருப்போடவே பயன்பட்டன என்று உணர்ந்து, 1991 முதல் வகுப்பின் நடுவே வினா ஒன்றைத் தந்து, பக்கத்திலிருப்பவரோடு வாதிட்டு விடைகாணச் செய்தார். பவணந்தியார் கணக்கே வேறுருவில் அங்கு நடைமுறையாயிற்று.

நாளைய வகுப்பிலேயே நாம் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, வினாவுக்குப் பின் மௌனம். அமெரிக்கப் பள்ளிகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1974இல் வெளியிட்ட கட்டுரையில், ஆசிரியர் வினவியபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார் என்று காட்டினார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன, விடையின்மை குறைந்தது, மாணவரே வினவவும் தொடங்கினர். ஆகவே வினாவை முன்னும் பெயரைப் பின்னும் சொல்வோம். பெயரை முதலில் அழைத்துவிட்டால், மற்றவர் அனைவரும் சிந்தனையிலிருந்து விடுதலை பெற்றுவிடுகின்றனர்.

இரண்டாவது, விதியை முன்னே சொல்லாதிருத்தல். பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கமே நல்ல துணைக்கருவி. 'பொன் + குடம் = பொற்குடம்', 'மண் + குடம் = மட்குடம்', 'பொன் + கடிது = பொன் கடிது', 'மண் + பெரிது = மண் பெரிது' என அட்டைகள் எழுதி, விசுப்பலகைக்கு ஒரு கட்டாகக் கொடுப்போம். திரிந்தவற்றையும் திரியாதவற்றையும் அவர்களே பிரிக்கட்டும். வேற்றுமையில் திரிகிறது, அல்வழியில் இயல்பாகிறது என்பதை அவர்களே கண்டு கூறட்டும். அதன்பின் நூற்பாவைச் சொன்னால், அறிந்த முகத்தைக் கண்டதுபோல் அதனை வரவேற்பர்.

மூன்றாவது, இருவர் பேச்சு. செய்யுளை நாம் ஒருமுறையும் மாணவர் ஒருவர் ஒருமுறையும் உரக்கப் படித்தபின், இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவர்க்குப் பொருள் கூறச் செய்வோம். பிறகு ஒருவரை எழுப்பி, அவர் தோழர் சொன்னதைக் கூறச் சொல்வோம். தன் கருத்தைச் சொல்ல நாணுபவரும் தோழர் கருத்தைத் தயங்காமல் சொல்வர்.

நான்காவது, பாதித்தாள். மணியடிக்க மூன்று நிமிடம் இருக்கையில், விளங்கியது ஒன்று, விளங்காதது ஒன்று எனப் பெயரின்றி எழுதி வாங்குவோம். மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்பதை அத்தாள்கள் சொல்லிவிடும். நம் விரிவுரை எவ்வளவு தூரம் சென்றது என்பதையும் அவை சொல்லும். அது நமக்கு எப்போதும் இனிப்பாயிராது.

எழுபது பேர் அமர்ந்த வகுப்பில் இவையெல்லாம் இயலுமா, பாடத்திட்டம் முடியுமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. பேசச் சொன்னால் சந்தை இரைச்சல் எழும். சிலர் ஊர்க்கதை பேசுவர். பாடம் சில நாள் பின்தங்கும். ஆனால் வகுப்பு பெரிதாக ஆக, ஆசிரியர் ஒருவரே எழுபது பேர் வாயிலிருந்தும் விடை வாங்குவது அரிதாகிறது. பக்கத்திலிருப்பவரோடு பேசவைத்தாலோ முப்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகின்றனர். நாம் முடித்த பாடம் வேறு, அவர்கள் கற்ற பாடம் வேறு என்றிருந்தால், முடித்ததில் என்ன பெருமை? வாரத்துக்கு ஒரு பாடவேளையில் தொடங்கினாலும் போதும்.

கல்லூரிக்கு வாரி வழங்கும் ஆட்சிக்குழுவினர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. திறன்பலகை வாங்குவது நன்று. அதற்கு முன், திருப்பிப் போடத்தக்க விசுப்பலகைகளும், மாணவர் எழுந்து சென்று எழுத நீண்டதொரு கரும்பலகையும், இருவருக்கு ஒன்றாகவேனும் கைக்கெட்டும் பாடநூல்களும், மாலையில் கூடிப் படிக்க விளக்கெரியும் ஓர் அறையும் வேண்டும். திறன்பலகையாலும் ஆசிரியர் மட்டுமே பேசுவாரெனில், அதனால் கிட்டுவதும் அதே கால் பங்கே.

மாணவச் செல்வங்களே! உங்கள் பங்கு முக்கால் என்பதை மறவாதீர்கள். விளங்காததைக் கேட்பது இழுக்கன்று. விளங்கியதைத் தோழனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டால், அஃது உங்களிடமும் நில்லாது. நாங்கள் சற்றே வாய் மூடப் பழகுகிறோம்; நீங்கள் வாய் திறக்கப் பழகுங்கள். புலமையின் எஞ்சிய முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.