சென்னைக் கணக்கில் சேரும் கொல்லிமலை

கொல்லிமலை மிளகையும் சாமையையும் விற்க ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறேன். கடன் கேட்டுப் போனாலும் சரி, கூட்டு சேரக் கூப்பிட்டாலும் சரி, எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "வியூஸ் எவ்வளவு?" என்பதைத்தான்.

வியூஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அது மிளகுக்கு அல்ல, காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுதிவைத்த பக்கத்துக்கு. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா வந்தால் அது எகிறும். வருகிறவர்கள் ஆகாயகங்கையில் குளித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். சாமைப் பக்கத்தைத் திறப்பவர்கள் கொஞ்சம் பேர். "தீட்டினதா, தவிடு போகாததா?" என்று போன் போட்டுக் கேட்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு வேடிக்கை, ரிப்போர்ட்டில் வரும் ஊர்ப் பட்டியல். கூகுள் அனலிட்டிக்ஸ் ஐபி முகவரியை வைத்துத்தான் ஊரைக் கணிக்கிறது. செல்போன் டேட்டாவில் வருபவரின் முகவரி பெரும்பாலும் ஏதோ ஒரு பெருநகரத்தைக் காட்டும். செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் தளத்தைத் திறந்தாலும் சென்னைக் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

எண்ணுவதே பக்கத்தோடு இறங்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டுதான். டவர் விட்டு விட்டு வரும் இடத்தில் எழுத்து வந்துவிடும், ஸ்கிரிப்ட் வராது. படித்த மனிதர் கணக்கிலேயே இல்லை. அவரே பொறுக்காமல் மூன்று தரம் ரீலோட் செய்து, மூன்று தரமும் ஸ்கிரிப்ட் வந்துவிட்டால் மூன்று பார்வை! 2023 ஜூலையில் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நின்று, புதிய வடிவமான ஜிஏ4 மட்டும் என்றானது. அதில் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாட்டோடு பார்த்த வருகை. எங்கள் நெட்டில் படங்கள் வந்து சேரவே அந்தப் பத்து விநாடி போய்விடும்.

இதே ஜிஏ4-இல், தளத்திலுள்ள போன் எண்ணை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைத் தனி நிகழ்வாக எண்ண வைக்கலாம். வியாபாரத்துக்கு எனக்கு உதவுவது அந்தக் கணக்குதான்.

நான் சொல்ல வந்தது என் கடையைப் பற்றி மட்டுமல்ல. மலை விவசாயிகளுக்கென்று தளமும் ஆப்பும் நடத்தும் துறைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப் பட்டியலில் கொல்லிமலை இல்லை என்பதற்காக, மலையில் யாரும் பார்ப்பதில்லை என்று கோப்பில் எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட் வராவிட்டாலும் பக்கம் திறந்ததைப் பதிந்துவைக்கும் சர்வர் லாகையும், வந்த அழைப்புகளின் பதிவையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.