பழுப்பு பாட்டில் அலங்காரம் அல்ல

வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த சட்டத் தடைகள் பிரிட்டனில் 1963-இலும் அமெரிக்காவில் 1978-இலும் விலகின. அதன் பிறகு அந்த நாடுகளில் அது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. காய்ச்சுகிறவர்களில் பலர் புது பாட்டில் வாங்குவதில்லை. காலி பாட்டில்களைச் சேர்த்து, வெந்நீரில் ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, கிருமி நீக்கி, மறுபடி நிரப்பி மூடி போடுகிறார்கள். அப்படிச் சேரும் குவியலில் பழுப்பு, பச்சை, நிறமில்லாதது எல்லாம் கலந்து கிடக்கும். ‘எதில் ஊற்றினால் என்ன, நிறம் பார்வைக்குத்தானே’ என்ற பேச்சு அவர்களிடையே வெகுநாளாக உலவுகிறது. அது தவறு. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த பீரைச் சில நிமிடங்களில் கெடுத்துவிடக்கூடிய தவறு.

முதலில் பீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. கொதிக்கும்போது அதிலுள்ள அமிலங்கள் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாக மாறுகின்றன. பீரில் ரைபோஃபிளேவினும், அதாவது வைட்டமின் பி2-வும், சிறிதளவு உண்டு. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அந்த மஞ்சள் இதனுடையதுதான். ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் அது நீல ஒளியை விழுங்குகிறது என்று பொருள். ரைபோஃபிளேவின் விழுங்கிய அந்த ஆற்றல் ஹாப்ஸ் அமிலத்தை உடைக்கிறது. உடைந்த துண்டு பீரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து தயோல் என்ற கந்தகச் சேர்மம் உருவாகிறது. வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சும் திரவத்துக்கு இது நெருங்கிய உறவு. அதனால்தான் அங்கே கெட்ட பீரை ‘ஸ்கங்க் அடித்தது’ என்கிறார்கள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளம் முழுக்க பீர் இருந்தால், அதை நாறடிக்க 10 மில்லிகிராம் அளவே போதும். ஒளி பீரைக் கெடுக்கிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லின்ட்னர் 1875-இலேயே எழுதிவிட்டார். 2001-இல் வட கரோலினாவிலும் பெல்ஜியத்தின் கென்ட்டிலும் இருந்த ஆய்வாளர்கள் அது எந்த வழியில் நடக்கிறது என்பதையும் உறுதிப்படுத்தினார்கள்.

‘கெடுப்பது வெப்பம்தான், குளிரிலிருந்து எடுத்து மறுபடி சூடாக விட்டதுதான் காரணம்’ என்று வாதிடுகிறவர்கள் இரண்டு வேறு கேடுகளை ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். வெப்பமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் பீர் பழசாகும். நனைந்த அட்டையின் சுவை வரும். அது மெல்ல மெல்ல நடப்பது. ஸ்கங்க் வாடைக்கு வெப்பம் தேவையே இல்லை. நன்றாகக் குளிர்ந்த பீரை நிறமற்ற பாட்டிலில் நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அது வந்துவிடும்.

‘புற ஊதாக் கதிர்தானே எதிரி, அதைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடுமே’ என்பது கொஞ்சம் படித்தவர்களின் வாதம். இதில் பாதி சரி. குறுகிய புற ஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி நிறுத்திவிடும். ஆனால் ரைபோஃபிளேவின் தேடுவது கண்ணுக்குத் தெரியும் நீலத்தை, ஏறத்தாழ 450 நானோமீட்டரை. வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீலம் உச்சம் தொடுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். டியூப்லைட்டில் உள்ள பாதரசமும் 436 நானோமீட்டரில் நீலத்தை உமிழ்கிறது. ஆகவே வெயில் நுழையாத அறையும் பத்திரமான இடம் அல்ல. இங்கேதான் நிறம் வேலை செய்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்து பழுப்பாக்கிய கண்ணாடி 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. குரோமியம் சேர்த்த பச்சைக் கண்ணாடி நீலத்தில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. பச்சையும் ஒரு நிறம்தானே என்று நினைப்பது கண்ணை நம்பி ஏமாறுவது. மருந்துக் கடையில் ஒளிபட்டால் கெடும் மருந்தெல்லாம் பழுப்பு பாட்டிலில் வருவதற்கும் இதுவே காரணம்.

‘அப்படியானால் பெரிய நிறுவனங்கள் நிறமற்ற பாட்டிலில் எப்படி விற்கின்றன?’ என்ற கேள்வி வலுவானது. பதில் சொல்லியே ஆகவேண்டும். மில்லர் ஹை லைஃப் என்ற அமெரிக்க பீர் நிறமற்ற பாட்டிலில்தான் வருகிறது. ஆனால் அதில் சேர்ப்பது ஒளியில் உடையாதபடி வேதியியல் முறையில் மாற்றிய ஹாப்ஸ் சாறு. வீட்டில் காய்ச்சுகிறவர் போடுவது சாதாரண ஹாப்ஸ் வில்லைகள். அந்தக் கவசம் அவரிடம் இல்லை. அவருக்குக் கிடைக்கும் கவசம் கண்ணாடி மட்டும்தான். பச்சை பாட்டிலில் வரும் ஐரோப்பிய லாகர்களிலோ இந்த வாடை அடிக்கடி இருக்கிறது. குடிப்பவர்களில் பலர் அதையே அந்த பீரின் இயல்பான மணம் என்று பழகிவிட்டார்கள். பழகிப்போனதால் குறை குணமாகிவிடாது. கறுத்த ஸ்டவுட்டுக்குக் கவலை குறைவு என்பது மட்டும் உண்மை. அதன் நிறமே ஓரளவு ஒளியை விழுங்கும். ஆனாலும் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பீருக்கு அந்தத் தயவும் கிடையாது.

மிச்சமிருப்பது ‘நான் இருட்டில்தான் வைக்கிறேன்’ என்ற பதில். மூடிய அட்டைப்பெட்டிக்குள் இருக்கும்வரை நிறத்துக்கு வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டிலில் அடைத்த பீர் நுரை பிடிக்கவே இரண்டு மூன்று வாரம் அறை வெப்பத்தில் நிற்க வேண்டும். பிறகு நண்பர் வீட்டுக்குப் போகும், போட்டிக்குப் போகும், கோடையில் தோட்டத்து மேசையில் உட்காரும். இத்தனை கைகளும் உங்களைப் போலவே கவனமாக இருக்கும் என்று எப்படி நம்புவது? பழுப்பு பாட்டிலும் வெயிலில் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்காது. ஆனால் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போகும் நேரத்தை அது தாங்கும். எனவே பழுப்பு பாட்டில்களைத் தனியே சேர்த்து வையுங்கள், கொடுத்தனுப்பும் பீரை அவற்றில் அடையுங்கள். பச்சையும் நிறமற்றதும்தான் கையில் இருக்கின்றன என்றால், குடிக்கிற நாள்வரை அவற்றைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.