பரணில் இருக்கிறதா லெக்கோ அடுப்பு?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறது என்றால், முதலில் காலியாவது பரண்தான். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, பழைய பாடப்புத்தக மூட்டை... எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பக்கெட் அடுப்பு உட்கார்ந்திருக்கும்.

'அம்மா லெக்கோ கரி போட்டுச் சமைச்ச அடுப்புடா இது. தூக்கிப் போட மனசு வரலை' என்று அப்பா சொல்வார். பேரப்பிள்ளைகளோ, 'ஒருநாள் இதுல சமைச்சுப் பார்க்கலாமே' என்பார்கள்.

தூசியைத் தட்டிப் பார்த்தால் அடுப்பில் பாதி இருக்காது. கரியைத் தாங்கும் சல்லடை போயிருக்கும். உள்ளே பூசிய மண் உதிர்ந்திருக்கும். அடியில் சாம்பல் வாரும் வாய்க்குக் கதவு இருக்காது. 'இருக்கிறதை வெச்சுப் பத்த வெச்சுப் பார்ப்போம்' என்று யாராவது ஆரம்பித்தால், அங்கேதான் ஆபத்தும் ஆரம்பம்.

லெக்கோ வந்த கதை

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. நெய்வேலியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை அப்படியே வீட்டு அடுப்பில் போட முடியாது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்தால் பொடிப்பொடியாக உதிரும், எரித்தால் புகை கண்ணைக் கரிக்கும். அதனால் அதை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாமல் சுட்டு, புகை தரும் பொருள்களை வெளியேற்றினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் லெக்கோ. 1960-களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கேஸ் சிலிண்டர் பரவலாகும் வரை வீடுகளிலும் டீக்கடைகளிலும் லெக்கோ கனன்றது.

சல்லடை ஏன் போகிறது?

பழசாகிவிட்டதால் மட்டும் சல்லடை போவதில்லை. பெரும்பாலும் சாம்பலை வாராததால்தான் போகிறது. அடிவாய் வழியாக நுழையும் காற்று, கரியை எரிய வைப்பதோடு சல்லடையையும் குளிர்விக்கிறது. சாம்பல் நிறைந்து சல்லடையைத் தொட்டுவிட்டால் காற்று நின்றுவிடும். மேலே நெருப்பு, கீழே சூடான சாம்பல். நடுவில் மாட்டிய கம்பி வளைந்து, பொரிந்து, ஒருநாள் உடைந்து விழுகிறது.

புதிதாகப் போட...

சல்லடைக்கு வார்ப்பிரும்புதான் சிறந்தது. பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், வெல்டிங் பட்டறையில் 10 அல்லது 12 மி.மீ. இரும்புக் கம்பிகளை வளையத்தில் வரிசையாக வைத்துப் பற்றவைத்து வாங்கலாம். கம்பிகளுக்கு நடுவே சுண்டுவிரல் பருமன் இடைவெளி போதும். சாம்பல் விழ வேண்டும், கரி விழக் கூடாது.

அளவெடுக்கும்போது அடுப்பின் உள்பக்கத்தை அளக்க வேண்டும். சல்லடையைச் சுற்றிலும் 3 மி.மீ. இடம் விடுவது அவசியம். சூட்டில் இரும்பு விரியும். இறுக்கமாகப் பொருத்தினால் மண் பூச்சைப் பிளந்துவிடும்.

ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வலை இரண்டும் கூடவே கூடாது. அவற்றின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் சூட்டில் நச்சுப் புகையாக மாறும். அலுமினியமும் வேண்டாம், அது 660 டிகிரியிலேயே உருகிவிடும்.

உள்பூச்சுக்கு சிமென்ட் பூசுவது பலரும் செய்யும் தவறு. கடும் சூட்டில் சிமென்ட் வலுவிழந்து, சில்லுசில்லாகத் தெறிக்கும். ஹார்டுவேர் கடையில் ஃபயர் கிளே கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் சலித்த களிமண்ணோடு பழைய செங்கல் தூளும் கொஞ்சம் உமியும் சேர்த்துப் பிசைந்து, பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு விரற்கடை கனத்துக்குப் பூசலாம்.

பூச்சு ஒரு வாரம் நிழலில் காய வேண்டும். வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் குழைத்து அடைக்கலாம். முதல்நாள் நாலு சுள்ளி மட்டும் போட்டு மெல்ல சூடேற்றுவது நல்லது. ஈரத்தோடு பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பூச்சையே உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அடிவாய்க் கதவுக்கு ஒரு தகரத் துண்டும் கீலும் போதும். ஆனால், அது முழுவதும் அடைக்காதபடி ஒரு விரல் நுழையும் இடம் விட வேண்டும்.

புகை இல்லாத விஷம்

அந்த ஒரு விரல் இடம் எதற்கு? காற்று போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரித்தணலுக்கு மேல் நீலமாக ஆடும் சிறு தீ, அந்த வாயு எரிவதுதான். எரியாமல் தப்பும் வாயு அறையில் சேர்ந்துவிடும்.

விறகடுப்பு என்றால் கண் எரிந்து, இருமி, வெளியே ஓடிவிடுவோம். கரி அடுப்பு அப்படி எச்சரிக்காது. புகை இல்லை என்பதாலேயே பயமும் இருக்காது. குளிருக்காக அறைக்குள் கரித்தணலை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை மலை ஊர்களிலிருந்து படித்திருக்கிறோம். கதவைச் சாத்திய சமையலறையிலும் அதே ஆபத்து உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால், 'சாப்பாடு ஒத்துக்கலை போல' என்று படுத்துவிடக் கூடாது. எல்லோரும் உடனே வெளியே வந்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

இன்று லெக்கோ கிடைக்காது, மரக்கரி போதும். சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியை அப்படியே போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். சமைத்து முடித்ததும் சூட்டோடு தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். சாம்பலை மட்டும் மறக்காமல் வாரிவிட்டால், புதுச் சல்லடை பல வருஷம் உழைக்கும்.

பொங்கலுக்கோ பேரப்பிள்ளைகளின் லீவுக்கோ பாட்டியின் அடுப்பு மறுபடி கனலட்டும். ஆனால், அது எரிய வேண்டிய இடம் வாசலோ கொல்லைப்புறமோதான். தணல் முழுவதும் அணைந்து, அடுப்பு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வீட்டுக்குள் வரலாம்.