பெக்கோ வர முன்னம்



2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் போனது எங்கள் கண்டி மாவட்டத்தில்தான். இன்னும் பலத்த மழை பெய்தால் வகுப்பில் பிள்ளைகள் பாடத்தை விட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். ஆனால் ஊரில் மீண்டும் பெக்கோ சத்தம்.

அக்குறணையிலும் மடவளையிலும் சமதரைக் காணிக்கு எங்கே போவது? மலையை வெட்டித்தான் வீடு கட்ட வேண்டும். பிழை என்னவென்றால், எவ்வளவு வெட்டுவது என்பதைப் பெக்கோக்காரரிடமே விட்டுவிடுகிறோம். அவருக்கு மணித்தியாலக் கணக்கில் காசு. செங்குத்தாக வெட்டினால் இரண்டடி கூடக் கிடைக்குமே என்ற ஆசை எங்களுக்கு. மண்ணைக் கீழே பள்ளத்தில் தள்ளச் சொல்வதும் நாங்கள்தான். மேல்வீட்டுக்காரரின் அத்திவாரத்துக்கும் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கும் யார் பொறுப்பு?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை, பிரதேச சபைக்குக் கொடுக்கும் வெறும் கடதாசி என்றே பலர் நினைக்கிறோம். சிலர் வெட்டி முடித்த பிறகுதான் விண்ணப்பிக்கிறார்கள். வெட்டும் உயரம், சரிவு, தண்ணீர் வடியும் வழி எல்லாம் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டியவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொந்தராத்துக்காரரிடம் விலை பேசுங்கள். தாங்குசுவருக்கும் வடிகானுக்கும் காசு சேரும்வரை மண்ணில் கை வைக்காதீர்கள். ஒக்டோபர் பிறந்துவிட்டால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் பெக்கோவைத் திருப்பி அனுப்புங்கள். பெப்ரவரி வரை பொறுக்கலாம்.